‘சும்மா கத்துது’ என்று எழுதியவள்

துப்பட்டாவில் இன்னும் அந்த வாடை இருக்கிறது. ஈரச் சாக்கு, கழுவாத கேரட், அதோடு குளிர்பதன அறைக்கே உரிய இரும்பு வாடை. ஒட்டன்சத்திரத்திலிருந்து வந்து இரண்டு மணி நேரம் ஆகிறது. இன்னும் குளிக்கவில்லை. "என்ன, ஒரு மாதிரியா இருக்க?" என்று வீட்டில் கேட்டார்கள். "பஸ்ஸுல கூட்டம்" என்று சொல்லிவிட்டு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்கு வந்துவிட்டேன். வெயில் இன்னும் முழுதாக இறங்கவில்லை. தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்திருக்கிறேன்.

உனக்கு நான் கடிதம் எழுதியதே இல்லை. பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர்கள் எதற்குக் கடிதம் எழுதப்போகிறோம்? இருந்தபோது சொல்ல வேண்டியதை இல்லாதபோது எழுதுகிறவளை நீ என்ன சொல்லித் திட்டுவாய் என்று எனக்குத் தெரியும். திட்டிக்கொள். முழுவதும் படித்துவிட்டுத் திட்டு.

பழனி ரோட்டில் பாத்திரக் கடைக்கு மேலே நம் ஆபீஸ். ஏழு பேர், நாலு மின்விசிறி, ஒரு பாத்ரூம். நான் அங்கே சேரும்வரை ஜவுளிக்கடைகளுக்கு வெப்சைட் செய்து கொடுத்துக்கொண்டிருந்தவள். உனக்கும் என் வயதுதான், ஆனால் ஒன்றரை வருஷம் முன்னால் சேர்ந்துவிட்டாய் என்ற கர்வம் உனக்குக் கொஞ்சம் இருந்தது. தினமும் வடமதுரையிலிருந்து பஸ்ஸில் வருவாய். காலையில் தோட்டத்தில் மல்லி பறித்த ஈரம் விரலில் காயாமல் கீபோர்டைத் தொடுவாய், அது ஒட்டுகிறது என்று நான் புலம்புவேன்.

நாம் எழுதிக்கொண்டிருந்தது குளிர்பதன அறைகளுக்கான ஒரு மென்பொருள் லைப்ரரி. அறைக் கதவுக்குப் பக்கத்தில் மாட்டும் பெட்டியைச் செய்கிற கம்பெனிகள் நம் லைப்ரரியை எடுத்து உள்ளே பொருத்திக்கொள்வார்கள். அதில் ஒரு வேலை, உள்ளே எவ்வளவு குளிர் என்று பார்த்துக்கொண்டே இருக்கும். இன்னொன்று கதவுப் பொத்தானைக் கவனிக்கும். மற்றொன்று சூடு ஏறினால் முதலாளியின் போனுக்கு எச்சரிக்கை அனுப்பும். மூன்றும் ஒரே நேரத்தில் ஓடும். ஒவ்வொன்றையும் த்ரெட் என்போம். கதவு திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா என்ற ஒரே தகவலை மூன்றுமே தொடும். இரண்டு த்ரெட் ஒன்றாகத் தொட்டால் தகவல் கெட்டுவிடும் என்பதால் அதற்கு ஒரு பூட்டு. பூட்டு யார் கையில் இருக்கிறதோ அவர் மட்டும் தொடலாம், மற்றவர்கள் காத்திருக்க வேண்டும்.

எனக்கு ஒன்றும் ஏறவில்லை என்பது என் முழியிலேயே தெரிந்திருக்கும். நீ பாத்ரூம் கதவைக் காட்டினாய்.

"இங்க ஏழு பேருக்கு ஒரு பாத்ரூம். உள்ள போறவ தாப்பா போடணும். போடலைனா என்ன ஆகும்னு போன வாரந்தான் பாத்தோம், அத விடு. அந்தத் தாப்பாதான் பூட்டு. கதவுல நான் ஒரு சீட்டு ஒட்டுறேன், ‘தாப்பா போடாம உள்ள போகாத’ன்னு. அந்தச் சீட்டுதான் அனோட்டேஷன். ஒட்டுனா மட்டும் யாரு படிக்கிறா? அதுக்குத்தான் செக்கரு. நீ எழுதுனத ஓட விடுறதுக்கு முன்னாடியே அது ஒவ்வொரு சீட்டாப் படிச்சு, இந்தம்மா தாப்பா போடாமப் போகுது, புடிங்கன்னு கத்தும்."

பிறகு இன்னொரு சீட்டும் இருக்கிறது என்றாய். ‘தாப்பா போட்டுட்டு இங்க வராத’ என்பது.

"அது எதுக்கு?"

"உள்ள தாப்பா போட்டு உக்காந்துக்கிட்டு, உள்ள இருக்கவ எப்ப வெளிய வருவான்னு நீயே காத்துக்கிட்டிருந்தா?"

அப்படியும் ஒருத்தி இருப்பாளா என்று கேட்டுச் சிரித்தேன். "மனுசி இருக்க மாட்டா. கம்ப்யூட்டரு இருக்கும்டி. அது பாட்டுக்கு நாள்பூரா உக்காந்திருக்கும், மத்ததெல்லாம் வெளிய வரிசையில நிக்கும்" என்றாய்.

மூன்றாவதாக ஒரு சீட்டும் உண்டு. ‘இந்த இடத்தைச் சோதிக்காதே’ என்று செக்கரின் வாயை அடைப்பது. செக்கருக்கு எல்லாம் தெரியாது. சரியாக எழுதியதையும் சில சமயம் தப்பு என்று சொல்லும். அப்போது அதை ஒட்டிக்கொள்ளலாம். அதற்கு மட்டும் நீ ஒரு சட்டம் வைத்திருந்தாய். ஒட்டுகிறவர் பக்கத்திலேயே தன் பேரையும் காரணத்தையும் எழுத வேண்டும், அதுவும் தமிழில். "இங்கிலீஷ்ல எழுதுனா பொய்யும் டீசண்டா இருக்கும். தமிழ்ல எழுதுங்க, கூசும்." ஒரு தடவை சென்னையிலிருந்து வந்த கஸ்டமர் இதைப் பார்த்துவிட்டு, "திண்டுக்கல்காரங்க பூட்டு விஷயத்துல ரொம்ப ஸ்ட்ரிக்ட் போல" என்றார். அந்த ஜோக்கை நூறாவது தடவையாகக் கேட்ட நீ, "பிரியாணியும் நல்லாத்தான் இருக்கும் சார்" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தாய்.

இனி நான் எழுத வேண்டியது அந்த வெள்ளிக்கிழமையை. உன் நாத்தனார் வீட்டில் காதுகுத்து. மத்தியானமே கிளம்பிவிட்டாய். என் கம்ப்யூட்டருக்குக் கரண்ட் கொடுக்கும் யுபிஎஸ் காலையிலேயே உயிரை விட்டிருந்தது. "என் சீட்ல உக்காந்துக்கடி, பாஸ்வேர்டுதான் தெரியும்ல, வாரேன்" என்று சொல்லிவிட்டுப் போனாய். சாயங்காலத்துக்குள் லைப்ரரியின் புதுப் பதிப்பைப் பெட்டிக் கம்பெனிக்கு அனுப்ப வேண்டும். எல்லாம் முடிந்து கடைசியாகச் செக்கரை ஓட விட்டால் ஒரு இடத்தில் கத்தியது. எச்சரிக்கை அனுப்புகிற த்ரெட், கதவுப் பூட்டைக் கையில் வைத்துக்கொண்டே, பூட்டோடு வரக்கூடாத இடத்துக்குப் போகிறது என்றது.

அந்த வாரம் முழுக்க அது வீணாகத்தான் கத்திக்கொண்டிருந்தது. புலி வருது, புலி வருது கதைதான். இதுவும் அப்படித்தான் என்று நினைத்தேன். குழந்தைக்குக் காய்ச்சல், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று ஏதாவது சொல்ல முடிந்தால் நன்றாக இருக்கும். எனக்கு எந்த அவசரமும் இல்லை. எரிச்சல், அவ்வளவுதான். மூன்றாவது சீட்டை ஒட்டினேன். காரணம் என்ற இடத்தில், ‘சும்மா கத்துது. அப்புறம் பாக்கலாம்’ என்று எழுதினேன். உன் சட்டப்படி தமிழில்தான் எழுதினேன், கூசவும் இல்லை. பேர் எழுதவில்லை. திங்கள்கிழமை வந்து நானே எடுத்துவிடப் போகிற சீட்டுக்குப் பேர் எதற்கு என்று விட்டுவிட்டேன். ஆனால் யார் எப்போது எழுதியது என்று கம்ப்யூட்டர் தானே ஒரு பதிவு வைத்துக்கொள்ளும் இல்லையா? அதில் கம்ப்யூட்டருக்குச் சொந்தக்காரியின் பேர் விழுந்தது. திங்கள்கிழமை எனக்கு வேறு வேலை வந்தது. மறந்தே போனேன்.

ஐந்து மாதம் ஒன்றும் ஆகவில்லை. சூடு ஏறி எச்சரிக்கை அனுப்ப வேண்டிய நேரம் வந்தால்தானே நான் சீட்டு ஒட்டிய அந்த வரி ஓடும். அது ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கிற ஒரு குளிர்பதன அறையில் ஓடியது. செல்லமுத்து என்கிற சுமைதூக்கும் தொழிலாளி கேரளா லாரிக்கு மூட்டை எடுத்துக்கொண்டிருந்தார். கதவு ரொம்ப நேரம் திறந்து கிடந்ததால் உள்ளே சூடு ஏறிவிட்டது. அவர் கடைசி மூட்டைக்கு உள்ளே போகவும் கதவு தானாக மூடிக்கொண்டது. அந்த நேரம் பார்த்து எச்சரிக்கைத் த்ரெட் பூட்டைக் கையில் எடுத்தது, எடுத்த கையோடு அதே பூட்டுக்காகக் காத்து நின்றுவிட்டது. அவர் உள்பக்கப் பொத்தானை அழுத்தினார். பொத்தானைக் கவனிக்கிற த்ரெட் பூட்டு கிடைக்காமல் வரிசையில் நின்றது. கையால் திறக்கிற கைப்பிடி துருப்பிடித்து உடைந்து போயிருந்தது. முக்கால் மணி நேரம். லாரி டிரைவர் தேடி வந்து, தட்டுகிற சத்தம் கேட்டு மெயின் சுவிட்சை இறக்கிய பிறகுதான் கதவு விட்டது. உயிர் பிழைத்தார். அதன் பிறகு எந்த அறைக்குள்ளும் அவரால் கதவை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை.

மறுநாள் சார், நம் ஆபீசை நடத்துகிறவர், எல்லோரையும் உட்கார வைத்து அந்த வரியைச் சுவரில் பெரிதாகக் காட்டினார். ‘சும்மா கத்துது. அப்புறம் பாக்கலாம்.’ கீழே உன் பேர்.

"இது என்னம்மா?"

நீ வரியைப் பார்த்தாய். தேதியைப் பார்த்தாய். அடுத்து என்னைப் பார்த்தாய். ஒரு நொடிதான், ஆனால் உனக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நான் வாயைத் திறந்தேன். மேஜைக்கு அடியில் என் காலை ஓங்கி மிதித்தாய்.

"என் மிஷின்ல இருந்துதான் போயிருக்கு சார். நாந்தான் பாத்திருக்கணும்."

இரண்டு வாக்கியத்திலும் பொய் இல்லை. அதற்குப் பிறகு நான் வாயைத் திறக்கவில்லை.

படிக்கட்டில் உன்னைப் பிடித்து நிறுத்தி ஏண்டி இப்படிச் செய்தாய் என்று அழுதேன். "உனக்கு இன்னும் வேலை நிரந்தரமாகல. உன் வீட்டுக்காரரு துபாய்ல இருந்து வந்து சும்மா உக்காந்திருக்காரு. எனக்கு அம்புட்டு கஷ்டமில்ல, தோட்டத்துல மல்லி பறிச்சாலும் பொழச்சுக்குவேன். நீ இப்ப வாயத் தொறக்காத" என்றாய். இப்ப என்றுதான் சொன்னாய். நான் அந்த ‘இப்ப’வை நான்கு வருஷத்துக்கு இழுத்துக்கொண்டேன். நிரந்தரமான பிறகு சொல்லலாம் என்று நினைத்தேன். நிரந்தரமானதும், அவருக்கு ஒரு வேலை கிடைக்கட்டும் என்று நினைத்தேன். கிடைத்ததும், இத்தனை நாள் சொல்லாமல் இருந்ததற்கே பதில் சொல்ல வேண்டுமே என்ற பயம் வந்தது. ஒவ்வொரு மாதமும் முந்தின மாதத்தைவிடச் சொல்வது கடினமாகிக்கொண்டே போயிற்று.

உன்னை லைப்ரரி பக்கமே விடவில்லை. கையேடு எழுதச் சொன்னார்கள். இரண்டு மாதம் எழுதிவிட்டு நீயே எழுந்து போனாய். வடமதுரையில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறாய் என்று கேள்விப்பட்டேன். உன் நாற்காலிக்கு என்னைத்தான் மாற்றினார்கள்.

அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. புதிதாகச் சேருகிறவர்களுக்கு ஒரு வகுப்பு வைத்தார்கள். த்ரெட் என்றால் என்ன, சீட்டு ஏன் ஒட்ட வேண்டும், செக்கர் கத்தினால் ஏன் மதிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, கடைசிப் பக்கத்தில் அந்த வரியையும் அதன் கீழே உன் பேரையும் காட்டுவார்கள். காட்டுவார்கள் என்ன, காட்டுகிறவளே நான்தான். ‘சும்மா கத்துது’ என்று படித்ததும் ஒவ்வொரு தடவையும் வகுப்பே சிரிக்கும். சிரிப்பு அடங்கட்டும் என்று காத்திருந்து, முக்கால் மணி நேரக் கதையைச் சொல்வேன். யாராவது ஒருத்தர், "அந்த மேடம் இப்ப எங்க?" என்று கேட்பார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, நான் மறைத்தது மட்டுமில்லை, அந்தச் சோற்றை வருகிறவர்களுக்கெல்லாம் பரிமாறிக்கொண்டும் இருந்தேன்.

போன வருஷம் உனக்கு உடம்பு முடியவில்லை என்று தெரிந்து வந்தேன். கட்டிலை ஜன்னலோரம் போட்டிருந்தார்கள். கை இரண்டும் குச்சியாகியிருந்தன. உன் மாமியார் காபி போடப் போனார். நீ என்னையே கொஞ்ச நேரம் பார்த்தாய். "எதாச்சும் சொல்லணுமாடி?" என்று கேட்டாய்.

"ஒண்ணுமில்ல. மழை வரும் போல, துணி காயப்போட்டு வந்தேன், அதான்" என்றேன்.

"அப்படியா" என்றாய். அப்புறம், "இன்னைக்கு என்ன வெஞ்சனம் வச்ச?" என்று கேட்டாய். கத்திரிக்காய் என்றேன். நீதான் பேச்சை மாற்றினாய் என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். இல்லை. நீ கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாய், நான்தான் துணி காயப்போட்ட கதை சொன்னேன். பதினெட்டு நாள் கழித்து உன் வீட்டுக்காரர் போன் செய்தார்.

காரியம் முடிந்து வந்த வாரம் சாரிடம் போய், வகுப்பின் கடைசிப் பக்கத்திலிருந்து உன் பேரையாவது எடுத்துவிடலாமே என்று கேட்டேன். "பேரு இருந்தாத்தாம்மா பயம் இருக்கும். அவங்களே இப்ப இல்ல, யாருக்கு என்ன நஷ்டம்?" என்றார். யாருக்கு நஷ்டம் என்று சொல்ல வேண்டுமென்றால் எழுதியது யார் என்று சொல்ல வேண்டும். சரி சார் என்று திரும்பி வந்தேன். பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அழுதேன். யாரோ கதவைத் தட்டியதும் முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தேன்.

இன்று நடந்ததற்கு வருகிறேன். எல்லா இடத்திலும் புதுப் பெட்டி மாட்டியிருக்கிறார்கள். நம் ஆள் ஒருவர் நேரில் போய்ச் சோதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். ஒட்டன்சத்திரத்துக்கு மட்டும் நான்கு வருஷமாக வேறு யாரையாவது தள்ளிவிட்டுக்கொண்டிருந்தேன். இந்தத் தடவை ஒருத்தருக்குக் கல்யாணம், இன்னொருத்தருக்குக் கால் முறிவு. நான் போனேன்.

வாசலில் செல்லமுத்து அண்ணன். போட்டோவில் பார்த்து எனக்கு அவரைத் தெரியும், அவருக்கு என்னைத் தெரியாது. மூட்டை தூக்குவதை விட்டுவிட்டார். இப்போது கதவுக்குக் காவல். யார் உள்ளே போனாலும் ஒரு காலி டிரேயைக் கதவிடுக்கில் வைத்துவிட்டு, அவர்கள் வெளியே வருகிறவரை அங்கேயே நிற்கிறார். சோதனைக்குக் கதவு மூட வேண்டும் என்றேன்.

"நான் மூட மாட்டேனுங்க."

"நான் உள்ள இருந்துக்கிட்டு நானே மூடிக்கிறேண்ணே."

டிரேயை எடுக்க அவர் கை வரவில்லை. நான்தான் எடுத்தேன். சூடு ஏறட்டும் என்று கதவை ரொம்ப நேரம் திறந்து போட்டுவிட்டு, உள்ளே போய் இழுத்து மூடினேன்.

மூடியதும் மார்க்கெட் சத்தம் அறுந்துபோனது. ஒரு மஞ்சள் பல்பு, மூட்டைகள், என் தோள் உயரத்தில் பச்சைப் பொத்தான். அழுத்தியிருக்க வேண்டும். அழுத்தவில்லை. முக்கால் மணி நேரம் என்று எத்தனை வகுப்பில் வாய் கூசாமல் சொல்லியிருக்கிறேன், ஐந்து நிமிஷம் நின்றுதான் பார்ப்போமே என்று தோன்றியது. இரண்டாவது நிமிஷம் விரல் நுனி மரத்தது. அதற்கு அடுத்து மூச்சை எண்ண ஆரம்பித்துவிட்டேன். கைப்பிடி புதிது, பொத்தான் புதிது, எப்போது வேண்டுமானாலும் வெளியே போகலாம் என்று தெரியும். தெரிந்தும் முதுகைக் கதவோடு ஒட்டிக்கொண்டு நின்றேன். அவர் முக்கால் மணி நேரமும் இந்தக் கதவைத் தட்டினார். நான் நான்கு வருஷத்தில் ஒரு தடவைகூடத் தட்டவில்லை.

வெளியிலிருந்து கதவு அதிர்ந்தது. "அம்மிணி! அம்மிணி!" என்று அடித்தார். பொத்தானை அழுத்தினேன். கதவு உடனே விட்டது.

"ஏனுங்க அம்மிணி, வெளையாட்டுங்களா இது?" உடம்பெல்லாம் வேர்த்து நின்றார். கண் கலங்கியிருந்தது.

எதையும் யோசித்துச் சொல்லவில்லை. "அண்ணே, அன்னைக்கு உங்கள உள்ள மாட்ட வச்ச வரிய எழுதுனது நாந்தான்" என்றேன்.

உலகத்தில் யாரிடமும் நான் சொல்லாததை அந்தக் கேரட் மூட்டைகளுக்கு நடுவில் சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று நின்றேன். அடித்தாலும் வாங்கிக்கொள்வது என்று நின்றேன். அவர் டிரேயைக் கவிழ்த்துப் போட்டு என்னை உட்காரச் சொன்னார்.

"வடமதுரை அம்மிணியோட கூட்டாளிங்களா நீங்க?"

தலையாட்டினேன்.

"மூணாம் நாளே ஆஸ்பத்திரிக்கு வந்தாங்க. அப்பறமும் ரெண்டு மூணு தடவ வந்துபோட்டுப் போனாங்க. நீங்கதான் எழுதுனீங்களா அம்மிணின்னு கேட்டனுங்க. இல்லீங்க, எழுதுனவ பயந்துக்கிட்டு இருக்கா, ஒரு நாளைக்கு அவளே வருவான்னாங்க. வந்தா திட்டிப்போடாதீங்க, அவளே அவள ரொம்பத் திட்டிக்கிட்டு இருப்பான்னு சொல்லிப்போட்டுப் போனாங்க."

ஆக, உனக்குத் தெரிந்திருக்கிறது. நான் வருவேன் என்று என்னைவிட உனக்கு நம்பிக்கை இருந்திருக்கிறது. அந்த ஜன்னலோரக் கட்டிலில் நீ கேட்டது அதைத்தான். நான் கத்திரிக்காய் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

அவர் எனக்குப் பின்னால் வாசலை எட்டிப் பார்த்தார். "அவங்க வரலீங்களா? சரி, நீங்க வந்துபோட்டீங்கன்னு அவங்ககிட்டச் சொல்லீருங்க அம்மிணி. சந்தோசப்படுவாங்க."

நீ இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. "சொல்லிர்றேண்ணே" என்றேன்.

பஸ்ஸில் உட்கார்ந்தபடியே வகுப்பின் கடைசிப் பக்கத்தைத் திறந்து உன் பேரை அழித்துவிட்டு என் பேரைப் போட்டேன். சாருக்கும் நடந்ததை நாலு வரியில் எழுதி அனுப்பினேன். இதுவரை மூன்று தடவை கூப்பிட்டுவிட்டார், நான் எடுக்கவில்லை. வேலை இருக்குமா என்று தெரியாது. இருந்தால் நாளைக்குக் காலையில் பத்து மணிக்கு வகுப்பு, நானே எடுப்பேன்.

நெஞ்சு லேசாகிவிட்டது என்று எழுத ஆசைதான். ஆகவில்லை. சரி விடுடி என்று சொல்ல வேண்டியவள் நீ ஒருத்திதான், அதை இனி யாரும் எனக்குச் சொல்லப்போவதில்லை. அது இல்லாமலேதான் நான் கடைசிவரை இருக்க வேண்டும். அடுத்த வாரம் மறுபடியும் ஒட்டன்சத்திரம் போய், நீ இல்லை என்பதை அந்த அண்ணனிடம் சொல்ல வேண்டும். தள்ளிப்போட மாட்டேன். அதற்கு முன்னால் அவர் சொல்லச் சொன்னதை உன்னிடம் சொல்லிவிடுகிறேன்.

நான் போயிட்டு வந்துட்டேன்டி. அவர் திட்டவே இல்லை.